மச்சாளின் சாம்பிராணிப் புகை

மூக்கடைப்பெல்லாம் ஒரு வருத்தமா என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பெரியவர்களுக்கு அது வருத்தமில்லைத்தான். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, காண்கிறவர்களிடமெல்லாம் முறைப்பாடு சொல்லிக்கொண்டு திரியலாம். இரண்டரை மாதக் குழந்தை என்ன செய்யும்? வாயைப் பாலுக்குக் கொடுத்தால் மூச்சுக்கு வழியில்லை. மூச்சுக்குக் கொடுத்தால் பாலுக்கு வழியில்லை. என் மூத்த மகள் பதினைந்து நாட்களுக்கு மேல் இப்படித்தான் என் மடியில் கிடந்து போராடினாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மல்லாவிப் பக்கம், குளத்தைத் திருத்திக் காணி பிரித்துக் கொடுத்த குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்கும் ஒரு துண்டு வயலும் இரண்டறை வீடும் கிடைத்திருந்தன. நானும் கணவரும் குடாநாட்டுப் புகையிலைத் தோட்டக்காரரின் பிள்ளைகள். துலா மிதித்துத் தண்ணீர் இறைக்கவும் புகையிலையின் பக்கத் தளிரான கெட்டை முறிக்கவும் தெரியும். நெல்லைப் பற்றிச் சோறு வரைக்கும்தான் தெரியும். முதல் வருடம் விதைத்ததில் பாதியை யானை தின்றது, மீதியை வெள்ளம் கொண்டுபோனது. இரண்டாவது வருடம்தான் விளைந்தது. மார்கழியில் மகள் பிறந்தாள். மாசியில் களத்தில் சூடு மிதித்து நெல் பிரித்தார்கள்.

முதல் நெல் வீட்டுக்கு வந்த அன்று மூட்டைகளை முன் விறாந்தையில் அடுக்குவோம் என்றார் இவர். யானை மணம் பிடித்துக்கொண்டு வரும், அறைக்குள் வையுங்கள் என்று சொன்னவள் நான்தான். யானை ஒரு சாட்டு. எனக்கு அந்த நெல்லைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போலிருந்தது. கடையில் ஒரு கொத்து, இரண்டு கொத்தாக அளந்து அரிசி வாங்கிய வீட்டில் வளர்ந்தவளுக்கு ஒரு சுவர் நிறைய நெல் என்றால் சும்மாவா? அறை நிலம் புதிது, மாரி ஈரம் இன்னும் காயவில்லை. அதனால் மூட்டைகளில் ஒரு வரிசையைப் பரப்பி, மேலே பாய் விரித்து அதில்தான் நான் படுத்தேன். அதற்கு நேர்மேலே, கூரை வளையில் பழைய சேலையைக் கட்டி மகளுக்கு ஏணை. ஏணை ஆடும்போது மூட்டையில் உரசும். உரசினால் என்ன, கையெட்டும் தூரத்தில் பிள்ளை, முதுகுக்குக் கீழே நெல். ராணி மாதிரி இருந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

ஒரு கிழமைக்குள் மகளுக்கு மூக்கடைத்தது.

முதல் நாள் சின்னச் சின்னத் தும்மல்கள்தான். குழந்தை தும்மினால் அழகாயிருக்கும் அல்லவா, நானும் சிரித்தேன். மூன்றாம் நாள் மூக்குக்குள் கறகறவென்று சத்தம். அதன்பிறகு பால் குடிக்க முடியவில்லை. ஆசையோடு வாயை வைப்பாள், இரண்டு தரம் உறிஞ்சுவாள், மூச்சு முட்டித் தலையைத் திருப்பிக்கொண்டு வீரிடுவாள். பசிக்கும், மறுபடி தேடுவாள், மறுபடி வீரிடுவாள். பால் கட்டி எனக்கு நெஞ்செல்லாம் கல்லாகிவிட்டது. சட்டை நனைந்து ஒழுகும், ஆனால் பிள்ளையின் வயிறு ஒட்டிக் கிடக்கும். பீய்ச்சிச் சங்கில் ஊற்றிப் புகட்டினேன். பாதி உள்ளே, பாதி கழுத்து மடிப்பில். உள்ளே போன பாதியும் இருமலோடு வெளியே வந்தது. ஒரு நாள் சங்கைச் சுவரில் எறிந்தேன். பித்தளைச் சங்கு என்றபடியால் ஒன்றும் ஆகவில்லை, அதுவும் எனக்குக் கோபத்தையே கொடுத்தது.

இந்த இடத்தில் மச்சாளைச் சொல்ல வேண்டும். மச்சாள் என்றால் இவருடைய தமக்கை. தாய் இல்லாமற்போன வீட்டில் தம்பிமார் இருவரையும் வளர்த்து ஆளாக்கியவர். அந்த அலுவலில் தன் கலியாணத்தை விட்டுவிட்டார். என் பிள்ளைப்பேற்றுக்கு வந்தவர், முப்பத்தொரு நாள் துடக்குக் கழிந்தும் ஊருக்குப் போகாமல் நின்றார். ஊரில் பிள்ளை பிறந்த வீடுகளிலெல்லாம் குழந்தையை முழுக வார்க்க மச்சாளைத்தான் கூப்பிடுவார்கள். காலை நீட்டிக் குழந்தையைக் கணுக்காலில் கிடத்தி, எண்ணெய் பூசி, மூக்கை நுனிவிரலால் நீவி, இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கையால் அணைத்து வார்க்கும்போது குழந்தை அழாது. எனக்கு அந்த வித்தை வரவில்லை. நான் தொட்டாலே மகள் வீரிட்டாள். இதுவும் எனக்குள்ளே எரிந்துகொண்டிருந்தது என்பதை மறைப்பானேன்?

மூக்கடைப்பு என்றதும் மச்சாள் முழுப் படையையும் இறக்கினார். உச்சியில் காய்ச்சிய நல்லெண்ணெய். ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டிய பொட்டலம். கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிந்த சாறு நாக்கில் இரண்டு சொட்டு. எல்லாவற்றுக்கும் மேலே சாம்பிராணிப் புகை. முழுக வார்த்ததும் ஒருமுறை, பொழுதுபடுகிற நேரம் ஒருமுறை. சட்டியில் தணலை அள்ளிச் சாம்பிராணியைத் தூவி, அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையைக் குப்புறப் பிடித்துக் காட்டுவார். அறை முழுதும் புகை மூடும். எனக்கே கண் எரிந்து தொண்டை கரகரக்கும்.

"மச்சாள், பிள்ளைக்கு மூச்சு முட்டாதோ?" என்று கேட்டேன்.

"சளி உச்சியிலை நிக்குது பிள்ளை. புகை பட்டால்தான் இளகும். உன்ரை மனுசனும் இந்தப் புகைக்குள்ளை வளர்ந்தவன்தான்."

மனுசனிடம் போய்ச் சொன்னேன். சூடு மிதித்துவிட்டு வந்து உடம்பெல்லாம் நெல்லுத் தூசியின் சுணை கடிக்கக் கடிக்கச் சொறிந்துகொண்டு நின்றவர், "அக்காவுக்குத் தெரியாததோ? நீர் கொஞ்சம் பொறுமையாய் இரும்" என்றார். பொறுமை! வயல் வேலைக்கு மட்டும் வாய் திறக்கிற மனிதர், எனக்குப் பொறுமை சொல்ல மட்டும் தவறியதில்லை.

இன்னொன்றும் செய்வார் மச்சாள். பிள்ளை ஒரேயடியாகத் திணறும்போது மடியில் வாரிப் போட்டு, அதன் மூக்கில் தன் வாயை வைத்து உறிஞ்சி, முற்றத்தில் துப்புவார். ஒரு முறை, இரண்டு முறை. முகத்தில் ஒரு சுளிப்பும் இராது. வாயைக் கொப்பளித்துவிட்டு, "இந்தா, இப்ப குடுத்துப் பார்" என்று என்னிடம் தருவார். அந்தப் பத்து நிமிடம் பிள்ளை குடிக்கும். அந்தப் பத்து நிமிடப் பாலில்தான் என் மகள் அந்த நாட்களைத் தாண்டினாள். எனக்கு அது அருவருப்பாக இருந்தது. என் பிள்ளையின் சளி எனக்கு அருவருப்பாகவும் இன்னொருத்திக்கு ஒன்றுமில்லாததாகவும் இருப்பதைப் பார்க்க அதைவிட எரிச்சலாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மகளின் உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தது. அன்றைக்கு நான் யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு, மாங்குளத்துக்கு மூட்டை ஏற்றிப்போன ஒருவரின் வண்டிலில் ஏறி, அங்கே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரியிடம் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இருமிக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் முடிந்து, என் முறை வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. அப்போதிக்கரி நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார்.

"நெஞ்சிலை சளி இல்லை. மூக்குத்தான் அடைச்சிருக்கு. வீட்டிலை புகை கிகை போடுறியளோ?"

"ஓம் ஐயா. சாம்பிராணி. காலமையும் பின்னேரமும்."

"உடனை நிப்பாட்டுங்கோ. கொதிச்சாறின தண்ணியிலை ஒரு கிள்ளு உப்புப் போட்டு, ரெண்டு சொட்டு மூக்கிலை விட்டுட்டுப் பால் குடுங்கோ."

அவ்வளவுதான் கதைத்தார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வேறென்ன இருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வண்டிலில் திரும்பி வந்த வழி முழுவதும் பிள்ளையின் வருத்தத்தை நினைத்தேனா, மச்சாளிடம் சொல்லப்போகும் வார்த்தைகளை அடுக்கினேனா என்று கேட்டால், இரண்டாவதுதான்.

ஆனால் வந்ததும் சொல்லவில்லை. மறுநாள் காலை, பிள்ளையை முழுக வார்த்துத் துடைத்து என் மடியில் கிடத்திவிட்டு, மச்சாள் வழமைபோலத் தணற் சட்டியோடு அறைக்குள் வந்தார். சாம்பிராணி பொரியத் தொடங்கியது. நான் பிள்ளையை ஏணையில் போட்டேன். முழுக வார்த்து மிஞ்சிய தண்ணீர் வாளியில் இருந்தது. எடுத்து அந்தச் சட்டியில் ஊற்றினேன். தணல் சீறிச் சாம்பல் கிளம்பி மச்சாளின் முகம், சேலை எல்லாம் படிந்தது.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"உங்கடை புகைதான் என்ரை பிள்ளையின்ரை மூக்கை அடைக்குது. அப்போதிக்கரியே சொல்லிப்போட்டார். பன்னிரண்டு நாளாய் என்ரை பிள்ளையைக் கொல்லுறியள். பெத்தவளுக்குத்தான் மச்சாள் இந்த வேதனை தெரியும். ஒண்டைப் பெத்திருந்தால் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

சத்தம் கேட்டு வந்த இவர் வாசலில் நின்றார். கடைசி வசனம் அவர் காதிலும் விழுந்தது. அவர் என்னை அடித்திருந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தலைப்பாகைத் துண்டை எடுத்து அக்காவிடம் நீட்டினார், முகத்தைத் துடைக்க.

மச்சாள் முகத்தைத் துடைத்தார். சிந்திய சாம்பலைக் கூட்டி அள்ளினார். கொடியில் காய்ந்த பிள்ளையின் துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்து வைத்தார். அன்று மத்தியான ரெயிலுக்கு மாங்குளம் போக வண்டில் வந்து நின்றபோது என்னைப் பார்க்காமல், "எண்ணெய்ப் போத்தல் குசினித் தட்டிலை இருக்கு. கை பொறுக்கிற சூட்டுக்கு மேலை காய்ச்சாதை" என்றார். வண்டில் போய்விட்டது.

இனிப் பிள்ளைக்குச் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

சரியாகவில்லை. புகை இல்லாத முதல் நாள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. உப்புத் தண்ணீர் விட்டேன், கொஞ்சம் இளகும், திரும்ப அடைக்கும். இரண்டாம் நாள் இன்னும் மோசம். களத்திலிருந்து அடுத்த சூட்டு நெல் வேறு வந்தது, அறைக்குள்ளேயே அடுக்குவித்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் பிள்ளை மூச்சுக்குத் தவித்துக் கண்ணைச் செருகியபோது, மச்சாள் செய்ததை நானும் செய்தேன். மூக்கில் வாயை வைத்து உறிஞ்சினேன். உப்புக் கரித்தது, அவ்வளவுதான், அருவருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் எனக்குச் சரியாக உறிஞ்சத் தெரியவில்லை. மெதுவாக உறிஞ்சினால் வரவில்லை. பலமாக உறிஞ்சினால் பிள்ளை துடித்தது. எவ்வளவு பலம், எந்த நேரம் விட வேண்டும் என்று மச்சாளின் வாய்க்குத் தெரிந்திருந்தது, என் வாய்க்குத் தெரியவில்லை. நிலத்தில் குந்தியிருந்து பிள்ளையோடு சேர்ந்து நானும் குழறி அழுதேன். துக்கமில்லை, ஆத்திரம். அப்போதிக்கரி சொன்னபடி செய்தேன், புகையை நிற்பாட்டினேன், ஆளையே அனுப்பிவிட்டேன், இன்னும் என்னதான் வேண்டும் இந்த மூக்குக்கு?

நான்காம் நாள் காலை, எங்கள் வயலில் நெல் அரிவு வெட்டிய பெண் ஒருத்தி தண்ணீர் கேட்டு வந்தாள். குளம் திருத்துவதற்கு முன்பிருந்தே காட்டுக்குள் இருந்த பழைய ஊர்க்காரி. என்னைவிட இரண்டு வயது குறைவாக இருப்பாள், இடுப்பில் ஒரு பிள்ளை. என் மகள் அழுகிற சத்தம் கேட்டு அறை வாசலுக்கு வந்தவள் அங்கேயே நின்று தும்மினாள். இடுப்பிலிருந்த பிள்ளையும் தும்மியது. மூக்கைத் தேய்த்துக்கொண்டு சிரித்தாள்.

"உதென்ன அக்கா, பிள்ளையை நெல்லு மூட்டைக்கு மேலை கட்டித் தொங்கவிட்டிருக்கிறியள்?"

"ஏன், தொங்கவிட்டால் என்ன?"

"நெல்லுச் சுணையெல்லோ! களத்தடிக்கே நாங்கள் கைப்பிள்ளையைக் கொண்டு போறேல்லை. நீங்கள் சுணையை வீட்டுக்கை வைச்சுப் பிள்ளையை அதுக்கை ஆட்டுறியள். பிறகு ஏன் மூக்கடையாது?"

அவள் ஏணையைப் பிடித்து ஒருதரம் ஆட்டிக் காட்டினாள். யன்னல் வெயிலில் மூட்டையிலிருந்து பொன்னிறத் தூசி எழும்பி, சேலையைச் சுற்றிப் பறந்தது. மூன்று கிழமையாக நான் ஆட்டிய ஏணை அது. பிள்ளை அழ அழ இன்னும் வேகமாக ஆட்டியவளும் நான்தான். வயலில் நின்ற மனுசன் சுணை கடிக்குது என்று தினமும் சொறிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூட்டையோடு வீட்டுக்கு வருமென்று புகையிலைக்காரியின் மூளைக்கு எட்டவில்லை.

மூட்டைகளை விறாந்தைக்கு இழுத்தோம். அவளும் ஒரு கை பிடித்தாள். அறையை இரண்டு முறை கழுவினேன். ஏணைச் சேலை, பாய், தலையணை உறை எல்லாவற்றையும் வாய்க்காலில் அடித்துத் தோய்த்தேன். மறுநாள் மதியம் மகளின் மூக்கில் கறகறப்புக் குறைந்தது. அதற்கடுத்த நாள் காலை வாயை வைத்தவள் எடுக்கவில்லை. ஒரு பக்கம் முழுதும் குடித்து, மறுபக்கமும் குடித்து, வாயோரம் பால் வழிய என் கையிலேயே தூங்கிப்போனாள். மூடின வாயோடு, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு. நான் அசையாமல் கை மரத்துப்போகும் வரை இருந்தேன். அவ்வளவு சந்தோசம் அதற்குப் பிறகு எனக்கு எப்போதும் வந்ததில்லை.

இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதும்" என்றார். "நான் எழுதிறதிலும் பாக்க நீர் எழுதினால்தான் நல்லது."

எழுதினேன். "பிள்ளை இப்போது நல்ல சுகம். மூக்கடைப்பு முற்றாக மாறிவிட்டது. பால் குடிக்கிறாள்." மூன்று வரி. அதில் பொய் ஒன்றுமில்லை. மூட்டையைப் பற்றி எழுதப் பேனாவைத் தூக்கினேன், பிறகு முகத்துக்கு நேரே சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு கடிதத்தை ஒட்டினேன். அந்த மூன்று வரியை மச்சாள் எப்படி வாசித்திருப்பார் என்பது எனக்குத் தெரியாததல்ல. புகை நின்றது, பிள்ளை சுகமானது.

சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போனோம். ரெயில் ஆனையிறவைத் தாண்டும்போதும் சொல்லப்போவதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "மச்சாள், நெல்லுச் சுணைதான். உங்கடை புகை இல்லை." ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். பெரிய காரியமே இல்லை.

வீட்டு வாசல் படலையடியில் மச்சாள் நின்றார். மகள் கொழுத்துப்போயிருந்தாள், அவரைக் கண்டதும் கைகாலை அடித்து எகிறினாள். மச்சாளின் இரண்டு கைகளும் எழும்பிப் பாதியில் நின்றன. என்னைப் பார்த்தார்.

"தூக்கலாமோ பிள்ளை?"

"ஓம் மச்சாள்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை கிணற்றடியில் இளஞ்சூட்டுத் தண்ணீர், எண்ணெய், துவாய் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு மச்சாள் விலகி நின்றார். "நீ வார் பிள்ளை. எனக்கு இப்ப கை நடுங்குது" என்றார். கை ஒன்றும் நடுங்கவில்லை. நான் காலை நீட்டி மகளைக் கிடத்தி வார்த்தேன். வழமைபோலத் தண்ணீர் மூக்குக்குள் போய்ப் பிள்ளை புரையேறி இருமினாள். மச்சாளின் கை சட்டென்று நீண்டு வந்தது. என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிறகு தானாகவே திரும்பிப் போனது. அவர் அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார், ஈரமே படாத கையை.

அப்போது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஒருவரும் இல்லை. பிள்ளையின் இருமலை நிற்பாட்டும் சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

மச்சாள் அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தையையும் முழுக வார்க்கவில்லை. ஊரில் வந்து கூப்பிட்டவர்களையும், எனக்கு உந்த வேலை சரிவராது என்று திருப்பி அனுப்பினாராம். எனக்கு மேலும் மூன்று பிள்ளைகள் பிறந்தன. நான்கு பேரும் என் கையில் தண்ணீர் குடித்துப் புரையேறித்தான் வளர்ந்தார்கள். மச்சாள் இருபத்தாறு வருடம் அதற்குப் பிறகு இருந்தார். வருடத்தில் இரண்டு தடவையாவது கண்டிருப்போம். ஒவ்வொரு முறையும் இம்முறை சொல்ல வேண்டும் என்றே போனேன். அவர் கண்ணை மூடும் வரைக்கும், தன் புகைதான் தம்பி பிள்ளையின் மூச்சை அடைத்தது என்று நம்பிக்கொண்டிருந்தார்.